கல்லின் வயதும் வன்னியின் பெயரும்

ஒட்டுசுட்டானில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்

1. வினாவைத் திருத்தி அமைத்தல்

பாறை ஒன்றின் வயது என்ன என்னும் வினா கேட்பதற்கு எளிதாயினும், விடை கூறப் புகுமுன் அவ்வினாவையே திருத்தி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனிதருக்கும் மரத்துக்கும் பிறப்பு என்னும் ஒரே தொடக்கம் உண்டாதலால் அவற்றின் வயதை ஒரே எண்ணால் கூறிவிடலாம். பாறையோ, உருகிய குழம்பாக இருந்து இறுகியும், வெயிலாலும் மழையாலும் சிதைந்து மணலாகி வேறோரிடத்தில் படிந்தும், புவியின் ஆழத்துக்கு இறங்கி வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியும், மீண்டும் மேலெழுந்து குளிர்ந்தும் பல பிறவிகளை எடுக்கக்கூடியது. ஆதலின், ‘இப்பாறைக்கு எத்தனை வயது’ என்று கேட்பதிலும், ‘இப்பாறைக்கு நேர்ந்த எந்த நிகழ்ச்சி எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது’ என்று கேட்பதே பொருத்தமாகும்.

தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் ஈழமெங்கும் அறியப்பட்ட ஒட்டுசுட்டானை அடுத்துள்ள கற்சிலைமடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. 1803 ஒக்டோபர் 31 ஆம் நாள் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயப் படைத்தலைவன் வொன் ட்றிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டதாகக் குறிக்கும் கல் ஒன்று அங்கே நாட்டப்பட்டிருந்தது. அத்தகைய கல்லில் பொறிக்கப்பட்ட நாள் ஒரு போரின் நாளாகும். கல்லைச் செதுக்கி நாட்டிய நாள் அதற்குப் பிந்தியதாகும். அக்கல் வெட்டியெடுக்கப்பட்ட பாறை தோன்றிய காலமோ இவ்விரண்டோடும் ஒப்பிட இயலாத தொன்மை உடையது. வரலாற்றாசிரியர் முதலிரண்டு நாட்களையும் ஆவணங்களைக்கொண்டு தேடுவர். மூன்றாவது காலம் எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லையாயினும், கல்லின் அணுக்களுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. அப்பதிவைப் படிக்கும் கலை எவ்வாறு பிறந்தது, அதில் இலங்கைக் கற்களுக்கு உரிய இடம் யாது, வன்னி நிலத்தைப் பற்றி அது கூறுவது என்ன என்பனவே இவ்வுரையின் பொருள்.

2. முன்னது எது, பின்னது எது

பாறைகளின் காலத்தை ஆண்டுக் கணக்கில் கூறும் வழி கைவருவதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவற்றை முன்பின்னாக வரிசைப்படுத்தும் வழியை அறிஞர் கண்டிருந்தனர். டென்மார்க்கில் பிறந்து இத்தாலியில் ஆய்வு செய்த நிக்கோலாஸ் ஸ்டெனோ, 1669 இல் வெளியிட்ட நூலில், நீரில் படியும் படைகளுள் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்னும் விதியை நிறுவினார். ஒரு பாறையை மற்றொன்று ஊடறுத்துச் செல்லுமாயின் ஊடறுப்பதே இளையது என்பது இதனோடு சேர்ந்த மற்றொரு விதியாகும். வன்னியில் கருங்கல் உடைக்கும் இடங்களில், கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய நைஸ் என்னும் உருமாறிய பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பெரும் பளிங்குகள் நிறைந்த வெளிறிய நரம்பு ஒன்று ஓடக் காணலாம். பெக்மரைற்று எனப்படும் அந்நரம்பு நைஸுக்கு இளையது என்பதைக் கருவி எதுவுமின்றிக் கண்ணாலேயே கூறிவிடலாம்.

அடையற் பாறைகளாயின், அவற்றுள் புதையுண்ட உயிர்ச்சுவடுகள் இவ்வரிசையை இன்னும் நுணுக்கமாக்குகின்றன. ஒவ்வொரு காலத்துக்கும் அக்காலத்து உயிரினங்கள் உண்டு என்பதனால், தொலைவிலுள்ள இரு நாட்டுப் படைகளையும் அவற்றின் சுவடுகளைக்கொண்டு ஒரே காலத்தன என அடையாளம் காணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணக்கல்லை, அதிலுள்ள கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகளையும் சிப்பிகளையும் ஒப்புநோக்கி, மயோசீன் என்னும் காலப்பகுதிக்கு உரியதென வேலண்டும் மோர்லி டேவிஸும் 1923 இல் விரிவாக எழுதினர். மயோசீன் என்பது ஏறத்தாழ 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5.3 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற காலமாகும்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி வந்தால் அச்சுண்ணக்கல் முடிந்து, உயிர்ச்சுவடு எதுவுமற்ற பளிங்குருவப் பாறை தொடங்குகிறது. இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய பாறைமீதே அமைந்துள்ளது. உயிர்ச்சுவடு இல்லாத இடத்தில் உயிர்ச்சுவட்டு முறை செல்லாது. முன்பின் வரிசையோ ஆண்டுக் கணக்கைத் தராது. இவ்விரு தடைகளையும் நீக்கியது கதிர்த்தொழிற்பாடு என்னும் இயற்கை நிகழ்ச்சியின் கண்டுபிடிப்பாகும்.

3. இலங்கையின் கருங்கனியம்

1896 இல் பிரான்சில் ஹென்றி பெக்கரல் யுரேனியத்திலிருந்து கண்ணுக்குப் புலனாகாத கதிர் வெளிப்படுவதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஏர்னஸ்ட் ரதர்போர்ட்டும் பிரெடெரிக் சொடியும், யுரேனியம், தோரியம் முதலிய மூலகங்களின் அணுக்கள் தாமாகவே சிதைந்து வேறு மூலகங்களாக மாறுகின்றன என்றும், அச்சிதைவின் வேகம் ஒவ்வொரு மூலகத்துக்கும் மாறாதது என்றும் நிறுவினர். மாறாத வேகத்தில் நிகழும் ஒரு மாற்றம், காலத்தை அளக்க உதவும் கடிகாரமாகலாம் என்று ரதர்போர்ட் உடனேயே உணர்ந்தார். அக்கடிகாரத்தை ஓட்டிப் பார்ப்பதற்கு யுரேனியமும் தோரியமும் செறிந்த கனியங்கள் தேவைப்பட்டன. அவற்றுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று இலங்கையிலிருந்து கிடைத்தது.

அக்கனியத்தை உலகறியச் செய்தவர், கலை வரலாற்றறிஞராகவே இன்று பெரிதும் நினைக்கப்படும் ஆனந்த குமாரசுவாமி ஆவார். சேர் முத்து குமாரசுவாமியின் மகனாக 1877 இல் கொழும்பில் பிறந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதலாவது பணிப்பாளராக விளங்கினார். சப்பிரகமுவ மாகாணத்து ஆற்றுப் படுகைகளில் கிடைத்த, சிறு கனசதுரங்களாக அமைந்த கனத்த கரிய பளிங்குகளை அவர் 1904 இல் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். முதலில் அது யுரேனினைற்று எனக் கருதப்பட்டதாயினும், இலண்டனில் விண்டம் டன்ஸ்ரன் நடத்திய பகுப்பாய்வில் தோரியமே அதில் மிகுந்திருப்பது தெரியவரவே, தோரியனைற்று என்னும் புதிய கனியமாக அது பெயர்பெற்றது.

இக்கனியம் கிடைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, பாறையின் வயதை அளக்க எழுந்த முதல் முயற்சிகள் பலவற்றிலும் அது இடம்பெற்றது. அமெரிக்க வேதியியலறிஞர் பேர்ட்ரம் போல்ட்வூட், யுரேனியம் செறிந்த கனியங்களிலெல்லாம் ஈயமும் காணப்படுவதையும், கனியம் எவ்வளவு தொன்மையானதோ அவ்வளவுக்கு ஈயம் மிகுந்திருப்பதையும் கண்டு, யுரேனியச் சிதைவின் முடிவு ஈயமே என்னும் முடிவுக்கு வந்து, 1907 இல் பல கனியங்களின் வயதைக் கணித்து வெளியிட்டார். அப்பட்டியலில் மிகக் குறைந்த வயது 410 மில்லியன் ஆண்டுகள். மிக உயர்ந்த வயதாகிய 2,200 மில்லியன் ஆண்டுகள் இலங்கைத் தோரியனைற்றுக்கு உரியதாயிருந்தது. கெல்வின் பிரபு, புவி குளிர்ந்துவரும் வேகத்தைக்கொண்டு அதன் வயது 20 முதல் 40 மில்லியன் ஆண்டுகளே என்று 1897 இல் வலியுறுத்தியிருந்த நிலையில், ஒரு சிறு கரிய கல்லிலிருந்து எழுந்த இவ்வெண் எத்துணை பெரிய மாற்றத்தை அறிவித்தது என்பதை எளிதில் உணரலாம். 1910 இல் றொபேர்ட் ஸ்ட்ரட் அதே கனியத்திலிருந்து அணுச்சிதைவால் ஓராண்டில் எவ்வளவு ஹீலியம் வாயு பிறக்கிறது என்பதை நேரடியாக அளந்து, அதனுள் தேங்கியிருக்கும் ஹீலியம் சேர்வதற்குக் குறைந்தது 280 மில்லியன் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் எனக் கணித்தார். 1911 இல், அப்போது 21 வயதே ஆன ஆதர் ஹோம்ஸ் வெளியிட்ட கட்டுரையிலும், மிகத் தொன்மையானதெனக் குறிக்கப்பட்டது 1,640 மில்லியன் ஆண்டுகள் கொண்ட இலங்கைக் கல்லே ஆகும்.

ஒரே நாட்டுக் கற்களுக்கு 280, 1,640, 2,200 என எண்கள் இவ்வாறு வேறுபட்டு நின்றமைக்குக் காரணங்கள் உண்டு. ஹீலியம் வாயுவாதலால் கனியத்திலிருந்து கசிந்து போகும். எனவே அதனால் பெறும் வயது எப்போதும் குறைவாகவே அமையும். போல்ட்வூட்டின் எண் மிகையானதற்குக் காரணம் வேறு. தோரியமும் சிதைந்து முடிவில் ஈயமாகவே மாறுகிறது என்பது அன்று அறியப்படவில்லை. தோரியம் ஈன்ற ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலேயே சேர்த்தமையால், உண்மை வயது நான்கு மடங்காகப் பெருகித் தோன்றியது. அக்கனியத்தின் உண்மை வயது 550 மில்லியன் ஆண்டுகளை ஒட்டியதாகும்.

இம்முடிச்சை அவிழ்க்க உதவியதும் இலங்கைக் கல்லே. ஒரே மூலகத்தின் அணுக்கள் வேதியியற் குணத்தில் ஒத்திருந்தும் திணிவில் வேறுபடக்கூடும் என்று கூறி, அத்தகையவற்றைச் சமதானிகள் என வகுத்த சொடி, யுரேனியம் ஈன்ற ஈயமும் தோரியம் ஈன்ற ஈயமும் வெவ்வேறு திணிவுடையனவாயிருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தார். தோரியம் மிகுந்த இலங்கைத் தோரைற்று என்னும் கனியத்திலிருந்து 1914 முதல் அவர் பிரித்தெடுத்த ஈயம், சாதாரண ஈயத்திலும் கனமானதாக அமைந்தது: சாதாரண ஈயத்தின் அணுத்திணிவு 207.2 ஆக, இலங்கை ஈயத்தின் அணுத்திணிவு 207.7 எனப் பின்னர் துல்லியமாக நிறுவப்பட்டது. யுரேனியக் கனியங்களிலிருந்து தியோடோர் றிச்சர்ட்ஸ் பிரித்த ஈயமோ சாதாரண ஈயத்திலும் இலேசாக இருந்தது. சமதானிக் கொள்கைக்குக் கிடைத்த உறுதியான சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும். 1921 ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு சொடிக்கு வழங்கப்பட்டது. ஈயத்தை வெறுமனே நிறுப்பதை விடுத்து, எந்தத் திணிவுடைய ஈயம் எவ்வளவு என எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் தெளிவு அதன் பின்னரே பிறந்தது.

4. கடிகாரம் இயங்கும் முறை

ஒரு கதிர்த்தொழிற்பாட்டு மூலகத்தின் அணுக்களில் சரிபாதி சிதைவதற்கு எடுக்கும் காலம் அதன் அரைவாழ்வுக்காலம் எனப்படும். எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூற இயலாதாயினும், கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த தொகுதியில் பாதி எப்போது சிதைந்து முடியும் என்பதை உறுதியாகக் கூறலாம். வெப்பமோ அமுக்கமோ வேதியியற் சேர்க்கையோ இவ்வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. யுரேனியம்-238 இன் அரைவாழ்வுக்காலம் 4,468 மில்லியன் ஆண்டுகள். அது ஈயம்-206 ஆக முடிகிறது. யுரேனியம்-235 இன் அரைவாழ்வுக்காலம் 704 மில்லியன் ஆண்டுகள். அது ஈயம்-207 ஆகிறது. தோரியம்-232, 14,000 மில்லியன் ஆண்டுகளில் பாதியாகி ஈயம்-208 ஆகிறது. பொற்றாசியம்-40 ஆனது 1,250 மில்லியன் ஆண்டு அரைவாழ்வுடன் சிதைய, அதன் ஒரு பகுதி ஆகன் வாயுவாகிறது. இதற்கு மாறாக, தொல்லியலில் பெரிதும் பேசப்படும் காபன்-14 இன் அரைவாழ்வுக்காலம் 5,730 ஆண்டுகளே. 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்கத்தக்க அளவு காபன்-14 எஞ்சாது. ஆதலால் கரியையும் எலும்பையும் அளக்க உதவும் அம்முறை வன்னிப் பாறைக்கு எவ்வகையிலும் உதவாது.

கணக்கின் அடிப்படை எளிதானது. பளிங்கு ஒன்று தோன்றும்போது அதனுள் யுரேனியம் மட்டும் இருந்து, ஈயம் இல்லாதிருந்து, அதன் பின் எதுவும் உள்ளே புகாமலும் வெளியேறாமலும் இருந்திருக்குமாயின், இன்று எஞ்சியுள்ள யுரேனியத்துக்கும் தேங்கியுள்ள ஈயத்துக்கும் இடையேயான விகிதம் காலத்தைத் தந்துவிடும். எஞ்சியுள்ள ஒவ்வோர் 1,000 யுரேனியம்-238 அணுவுக்கும் 89 ஈயம்-206 அணுக்கள் காணப்பட்டால் அப்பளிங்கின் வயது 550 மில்லியன் ஆண்டுகள். 168 காணப்பட்டால் 1,000 மில்லியன் ஆண்டுகள். துருசு மூடிய குளத்தில் நீர்மட்டத்தைக்கொண்டு எவ்வளவு மழை பெய்தது என்று கணிப்பவர், துருசு உண்மையிலேயே மூடியிருந்ததா, கட்டில் எங்கேனும் கசிவு உண்டா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டியிருப்பதைப் போல, பளிங்கிலிருந்து ஈயம் கசியவில்லை என்பதை ஆய்வாளர் முதலில் உறுதிசெய்தாக வேண்டும்.

யுரேனியத்தின் தனிச்சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. ஒரே பளிங்கில் யுரேனியம்-238, யுரேனியம்-235 என்னும் இரு கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 550 மில்லியன் ஆண்டுப் பளிங்கில் முதலாவது 1,000 க்கு 89 என்று காட்டும்போது, இரண்டாவது 1,000 க்கு 719 என்று காட்ட வேண்டும். இரண்டும் ஒரே வயதைத் தருமாயின் கசிவு இல்லை என்று கொள்ளலாம். தராவிடின் ஏதோ ஒரு காலத்தில் ஈயம் வெளியேறியிருக்கிறது என்பது தெளிவாகும். அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் வெதரில் 1956 இல் இவ்விரு வயதுகளும் ஒத்துவரும் புள்ளிகளை இணைத்து ஒரு வளைகோடு வரைந்து, அதிலிருந்து விலகி நிற்கும் அளவீடுகளைக்கொண்டு, பளிங்கு தோன்றிய காலத்தை மட்டுமன்றி, ஈயம் வெளியேறிய காலத்தையும் மதிப்பிட வழி காட்டினார். அதே ஆண்டில் கிளேர் பற்றர்சன், விண்கற்களிலுள்ள ஈயச் சமதானிகளைக்கொண்டு புவியின் வயது 4,550 மில்லியன் ஆண்டுகள் என்று நிறுவினார்; பாறையின் வயது எதுவாயினும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும்.

5. சிர்க்கோன் என்னும் சாட்சி

பாறையின் காலத்தைக் கூறும் கனியங்களுள் சிர்க்கோனுக்கு நிகரானது வேறில்லை. சிர்க்கோனியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த இக்கனியம், தோன்றும்போது யுரேனியத்தை ஏற்று, ஈயத்தைப் பெரிதும் விலக்கிவிடும் இயல்பினது. அது கடினமானது, வேதியியற் சிதைவுக்கு எளிதில் இடம்கொடாதது, 900 பாகை செல்சியசை எட்டும் வெப்பத்திலும் தன்னுள் தேங்கிய ஈயத்தைப் பெரும்பாலும் இழக்காதது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, றூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோனும் செறிந்து கிடப்பதற்குக் காரணம், உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து போன பின்னும் சிர்க்கோன் மணிகள் அழியாமல் ஆறுகளோடு கடலைச் சேர்ந்து, அலைகளால் கொழிக்கப்பட்டமையே ஆகும்.

ஆய்வுகூடத்தில் இம்மணிகளைப் பிரித்தெடுக்கும் பணி பொறுமையை வேண்டுவது. சில கிலோகிராம் எடையுள்ள பாறையை உடைத்து, பொடியாக்கி, அரித்து, ஓடும் நீரில் கழுவி இலேசானவற்றை நீக்குவர். காந்தத்தால் இரும்புக் கனியங்களை விலக்குவர். அடர்த்தி மிக்க திரவத்தில் இட்டு, அதில் மூழ்கும் சிர்க்கோனைத் தனியே எடுப்பர். பின்னர் நுணுக்குக்காட்டியின் கீழ், மயிர் முனையளவான மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிசினில் பதித்து, அவற்றின் உட்பகுதி தெரியுமாறு பாதியளவுக்குத் தேய்த்து மினுக்குவர். இலத்திரன் கற்றையை அதன்மீது செலுத்தினால், மணியின் உள்ளமைப்பு ஒளிர்ந்து தோன்றும்: நடுவே உருண்டு தேய்ந்த ஒரு கரு, அதைச் சுற்றிப் பிற்காலத்தில் வளர்ந்த ஒன்றோ இரண்டோ விளிம்புகள். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கும் நிரம்பாத அம்மணிக்குள்ளேயே பாறையின் பிறவிகள் வரிசையாக அமைந்திருக்கின்றன.

கருவையும் விளிம்பையும் சேர்த்துக் கரைத்து அளந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட, பொருளற்ற ஒரு வயது கிடைக்கும். இக்குறையை நீக்குவதற்கு, அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கொம்ப்ஸ்ரன் குழுவினர் 1980 ஐ ஒட்டி ‘ஷ்ரிம்ப்’ என்னும் கருவியை உருவாக்கினர். ஒட்சிசன் அயன்களின் மெல்லிய கற்றை ஒன்று, ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டிய அகலமுள்ள புள்ளியைச் சுரண்ட, அங்கிருந்து எழும் அணுக்கள் திணிவின்படி பிரிக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. ஆனால், சுரண்டும்போது யுரேனியமும் ஈயமும் சம அளவில் அயன்களாவதில்லை. எனவே வயது முன்கூட்டியே அறியப்பட்ட ஒரு சிர்க்கோனை ஒவ்வொரு வேளையும் அருகே வைத்து அளந்து, அதனோடு ஒப்பிட்டே புதிய மணியின் வயதைக் கூற முடியும். அந்த ஒப்பீட்டுக் கல்லாகப் பல்லாண்டுகள் பயன்பட்டது ‘எஸ்எல்-13’ என்னும் பெயருடைய இலங்கைச் சிர்க்கோனாகும். அதன் வயது 572 மில்லியன் ஆண்டுகள். 2008 இல் அறிமுகமான ‘எம்-257’ என்னும் ஒப்பீட்டுக் கல்லும் இலங்கையின் இரத்தினக் கற்களுள் ஒன்றே, 5.14 கிராம் எடையுள்ள அதன் வயது 561.3 மில்லியன் ஆண்டுகள். பெரியனவும் மாசற்றனவும் உள்ளெங்கும் சீரானவையுமான சிர்க்கோன்கள் இலங்கையின் இரத்தினக்கல் படுகைகளில் கிடைப்பதாலேயே இப்பெருமை வாய்த்தது. பிற கண்டங்களின் தொன்மையைக் கணிக்கும் ஆய்வுகூடங்களிலும் இலங்கைக் கல் இவ்வாறு அளவுகோலாக அமைந்துள்ளது.

6. வன்னித் தொகுதி

இலங்கையின் பளிங்குருவப் பாறைகளை இன்றைய புவிச்சரிதவியலாளர் நான்கு தொகுதிகளாக வகுப்பர்: தீவின் நடுவே வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்லும் மேட்டுநிலத் தொகுதி, கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள விஜயன் தொகுதி, கண்டியை அடுத்துள்ள சிறிய கடுகண்ணாவைத் தொகுதி, வடக்கிலும் மேற்கிலும் பரந்து, வவுனியா, அநுராதபுரம், குருநாகல் முதலிய பகுதிகளை உள்ளடக்கும் வன்னித் தொகுதி. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி ஆகிய ஊர்களின் மண்ணுக்கு அடியிலுள்ளதும் இவ்வன்னித் தொகுதியே. முன்னர் ‘மேற்கு விஜயன்’ என விஜயன் தொகுதியோடு சேர்த்து எண்ணப்பட்ட இப்பாறைகள் தனித்த வரலாறு உடையவை எனத் தெளிந்து, வன்னியின் பெயரால் வழங்கும் நிலை ஏற்பட்டமைக்கு வயதறியும் முறைகளே காரணமாயின.

இத்தெளிவு படிப்படியாகவே வந்தது. 1987 இல் அல்பிரட் குரோனர், கொம்ப்ஸ்ரன் முதலியோர் ஷ்ரிம்ப் கருவியால் இலங்கைச் சிர்க்கோன்களை அளந்து வெளியிட்ட கட்டுரையில், மேட்டுநிலத் தொகுதியின் உருமாறிய மணற்கல் ஒன்றில் 3,170 முதல் 2,400 மில்லியன் ஆண்டுகள் வரை வயதுள்ள கருக்களைக் கண்டனர். அக்கருக்கள் அப்பாறைக்கு முற்பட்ட ஏதோ ஒரு தொன்மையான நிலத்தில் பிறந்து, அரிப்புண்டு, மணலாக வந்து படிந்தவையாகும். விஜயன் தொகுதியில் அவர்கள் அளந்த மணிகள் 1,100 மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்படவில்லை; எனவே விஜயனே தீவின் அடித்தளம், மேட்டுநிலம் அதன்மேல் அமைந்தது என்று அதுவரை நிலவிய கருத்துக் கைவிடப்பட்டது. அதே கட்டுரை, பெரும் உருமாற்றம் 1,100 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததெனக் கருதியது. 1990 களில் ஜேர்மனிய, இலங்கை ஆய்வாளரின் கூட்டுமுயற்சியால் அளவீடுகள் பெருகியபோது, அவ்வுருமாற்றத்தின் காலம் 610 முதல் 540 மில்லியன் ஆண்டுகளுக்கு இடைப்பட்டதெனத் திருத்தப்பட்டது. புதிய சான்று வந்தபோது பழைய முடிவைத் திருத்திக்கொண்ட இவ்வொழுங்கே இவ்வறிவியலின் நம்பகத்தன்மைக்கு அடித்தளமாகும்.

1988 இல் மிலிசென்டாவும் பிறரும் வேறொரு கடிகாரத்தைப் பயன்படுத்தினர். சமாரியம்-147, 106,000 மில்லியன் ஆண்டு அரைவாழ்வுடன் நியோடிமியம்-143 ஆக மாறுவதைக்கொண்டு, ஒரு பாறையின் மூலப்பொருள் புவியோட்டுக்குக் கீழுள்ள மான்ரில் என்னும் படையிலிருந்து எப்போது பிரிந்தது என மதிப்பிடலாம். மேட்டுநிலத் தொகுதிக்கு அக்காலம் 2,200 முதல் 3,000 மில்லியன் ஆண்டுகள். வன்னித் தொகுதிக்கோ 1,000 முதல் 2,000 மில்லியன் ஆண்டுகளே. இரண்டும் வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த நிலத்துண்டுகள் என்பது இதனால் புலனாயிற்று. வன்னியின் தீப்பாறைகள் குழம்பிலிருந்து இறுகிய காலத்தைச் சிர்க்கோன்கள் பெரும்பாலும் 1,100 க்கும் 750 மில்லியனுக்கும் இடைப்பட்டதாகக் காட்டுகின்றன.

இவ்வெண்களைச் சேர்த்துப் படிக்கும்போது வன்னி நைஸின் வாழ்க்கை வரலாறு தெளிவாகிறது. அதன் மூலப்பொருள் மான்ரிலிலிருந்து பிரிந்தது ஒரு காலம். குழம்பாகி இறுகியது அதற்குப் பிந்திய காலம். இன்றைய ஆபிரிக்கா, மடகஸ்கார், தென்னிந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா ஆகியவை மோதி இணைந்து கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாகியபோது, புவியோட்டின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது 610 முதல் 540 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம். பின்னர் மேலுள்ள பாறை அரிபட, அது மெல்ல மேலெழுந்து குளிர்ந்தது. கறுப்பு மைக்காவாகிய பயோரைற்று, 300 பாகையை ஒட்டிய வெப்பநிலைக்குக் குளிர்ந்த பின்னரே தன் கடிகாரத்தைத் தொடங்கும். இலங்கைப் பாறைகளில் அது பெரும்பாலும் 500 மில்லியனுக்குக் குறைந்த வயதையே தருகிறது. ஒரே கல்லிலிருந்து சிர்க்கோன் கருவும், சிர்க்கோன் விளிம்பும், பயோரைற்றும் மூன்று வெவ்வேறு எண்களைத் தரும்போது அவற்றுள் எதுவும் பிழையன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் நாளைக் குறித்து நிற்கிறது.

7. இரணைமடுவின் செம்மணல்

அறிவியல் உலகில் வழங்கும் வன்னிப் பெயர் மற்றொன்றும் உண்டு. இலங்கையின் வறண்ட கரையோரங்களில், கிறவல் படையும் அதன்மேல் செம்மணலும் அமைந்து, அவற்றிடையே தொல்மனிதரின் கற்கருவிகள் கிடைக்கும் படிவு, கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுவின் பெயரால் ‘இரணைமடு உருவாக்கம்’ எனப்படுகிறது. இங்கே கேட்கப்படும் வினா வேறு. மணலிலுள்ள குவாட்சு மணி எப்போது பிறந்தது என்பதில் தொல்லியலாளருக்கு ஆர்வமில்லை. அம்மணி கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்பதையே அவர்கள் அறிய விரும்புவர்.

மண்ணில் இயல்பாக உள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால், புதையுண்ட குவாட்சு மணிக்குள் இலத்திரன்கள் சிறுகச் சிறுகச் சிக்கித் தேங்குகின்றன. வெயில் பட்டால் அவை விடுபட்டுக் கணக்கு மீண்டும் தொடங்கிவிடும். ஆய்வுகூடத்தின் இருளில் அம்மணியைச் சூடாக்கும்போது, அல்லது அதன்மீது ஒளியைச் செலுத்தும்போது வெளிப்படும் மங்கிய ஒளியை அளந்து, புதையுண்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணிக்கலாம். தென்னிலங்கையின் பூந்தலைப் பகுதியில் சிரான் தெரணியகல ஆராய்ந்த இப்படிவுகள், இம்முறையால் ஏறத்தாழ 125,000 ஆண்டுகள், 80,000 ஆண்டுகள் எனக் காலம் கணிக்கப்பட்டன. இரு படிவுகளிலும் மனிதர் ஆக்கிய கற்கருவிகள் கிடைத்தமை, இத்தீவின் மனித வரலாற்றை ஏடுகள் எட்டாத தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. அக்கருவிகள் செய்யப்பட்ட கல்லுக்கும், கருவியைத் தட்டிச் செய்த கைக்கும் இடையே பல கோடி ஆண்டு இடைவெளி உண்டு என்பதையும் உடன் நினைவிற்கொள்ள வேண்டும்.

8. முடிவும் வேண்டுகோளும்

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் உறுதிப்படுகின்றன. பாறையின் வயது என்பது ஒரு நிகழ்ச்சியின் நாள். எந்த நிகழ்ச்சி என்று கூறப்படாத எண்ணுக்குப் பொருளில்லை. ஒரு முறையால் கிடைத்த எண்ணை, அதனின்று வேறுபட்ட மற்றொரு முறை உறுதிப்படுத்தும்போதே அது அறிவாகிறது. தோரியனைற்றுக்கு நேர்ந்ததும், 1987 ஆம் ஆண்டு முடிவுக்கு நேர்ந்ததும் இதையே காட்டுகின்றன. இவ்வறிவு வளர்ந்த வரலாற்றில் இலங்கைக் கற்கள் ஓரத்தில் நில்லாது நடுவிலேயே இருந்திருக்கின்றன. ஆனந்த குமாரசுவாமி ஆய்வுக்கு எடுத்துக் கொடுத்த கரிய பளிங்கிலிருந்து இன்றைய ஒப்பீட்டுச் சிர்க்கோன் வரை அவ்வரிசை அறுபடவில்லை.

ஆயினும், வன்னித் தொகுதி என்னும் பெயர் உலக ஆய்விதழ்களில் இடம்பெற்ற அதே ஆண்டுகளில், வன்னி மண்ணில் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. வவுனியாவுக்கு வடக்கே களஆய்வு செய்வதற்கு உரிய சூழல் இருக்கவில்லை. இன்று அத்தடை இல்லை. வீதி அமைப்புக்கும் வீடு கட்டுவதற்கும் கருங்கல் உடைக்கப்படும் ஒவ்வோரிடத்திலும், காற்றும் மழையும் தொடாத புதிய பாறைமுகம் வெளிப்பட்டு, சில மாதங்களிலேயே மறைந்துபோகிறது. அவ்விடங்களின் அமைவை வரைபடத்தில் குறித்து, பாறையின் வரியோட்டத் திசையை அளந்து, கைப்பிடியளவு மாதிரியைப் பெயரும் இடமும் நாளும் எழுதிப் பேணிவைப்பதற்குப் பெரும் கருவிகள் தேவையில்லை; பாடசாலை விஞ்ஞான மன்றங்களே அதனைச் செய்யலாம். உயர்தரத்தில் பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணவர், கதிர்த்தொழிற்பாட்டுச் சமன்பாட்டைப் பரீட்சைக்குரியதாக மட்டும் கொள்ளாமல், தம் ஊர்ப் பாறைக்கு அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்ட வேண்டும். பல்கலைக்கழகங்கள் அம்மாதிரிகளை ஏற்று ஆராய வேண்டும். வன்னித் தொகுதியின் வடபகுதிக்கு நிறைவான கால அட்டவணை ஒன்று எழுதப்படுமாயின், அதனை எழுதுபவர்களுள் வன்னியின் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவு முன்வைக்கும் வேண்டுகோளாகும்.